மோடத்துக்குக் காவல்

அத்தியாயம் பதினேழு

மாடியில் நெட் போய்விட்டது என்பது கீழே இருக்கும் அண்ணனுக்குப் பல் துலக்கும்போதே தெரிந்துவிட்டது. யாரும் வந்து சொல்லவில்லை. சொல்கிற நிலையிலும் அந்த வீடு இல்லை. தலைக்கு மேலே காலடிச் சத்தம் ஜன்னலுக்குப் போனது, அங்கிருந்து பால்கனிக்குப் போனது, பால்கனியிலிருந்து குளியலறைக்குப் போனது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுகிறவர்கள்தான் அப்படி நடப்பார்கள்.

"தேடட்டும்" என்று வாயைக் கொப்பளித்தார்.

தெருமுனையில் பள்ளம் தோண்டுகிறவர்கள் வந்து இறங்கியதைப் போன வாரமே பார்த்தோம். தோண்டியது தண்ணீர்க் குழாய்க்காக. ராத்திரியோடு ராத்திரியாக அறுந்தது மாடிக்கு வரும் கேபிள்.

அண்ணன் ஏ.சி. மெக்கானிக். எந்த மெஷினுக்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. நிறுத்திய கம்ப்ரஸரை உடனே ஓடவிட்டால் அதன் ஆயுள் போய்விடும் என்று தொழிலில் கற்றதை அவர் வீட்டிலுள்ள சகலத்துக்கும் சட்டமாக்கிவிட்டார். படுக்கப் போகும் முன் டிவி, மிக்சி, மோடம் என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பார். தம்பி அவருக்கு வைத்த பெயர் 'மெயின் சுவிட்ச்'.

தம்பி செல்போன் கடையில் விற்பனையாளன். வருஷத்துக்கு ஒரு போன் மாற்றுவான். அண்ணன் வைத்திருப்பதோ ஓரம் உடைந்து டேப் ஒட்டிய போன். "அண்ணனுக்குப் போன் வாங்கறது கல்யாணம் மாதிரி. ஒரு தடவதான்" என்பான். மாடியில் இருக்கும் வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் தம்பியின் போனுக்குச் செய்தி அனுப்பும். கதவைத் திறந்து பார்த்தால் தெரியப்போகிறது, இதற்கு ஒரு தூதுவனா என்று அண்ணன் கேட்பார். அப்டேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்பார். இப்படிச் சாப்பாட்டு மேஜையில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

அதைக் கெடுத்தது ஒரு பிளக்.

தம்பியின் மனைவிக்கு, வீட்டில் எல்லாரும் சின்னவள் என்று கூப்பிடும் அவளுக்கு, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் ஆன்லைன் இன்டர்வியூ வந்தது. அவர்களுக்குப் பகல், இங்கே ராத்திரி. அப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரே நெட்தான், கீழே இருக்கும் மோடத்திலிருந்து. அவள் மாடியில் கேமராவைப் பார்த்துத் தன் திறமைகளை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் வழக்கமான நேரத்துக்கு மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். அந்த வேலை போயே போய்விட்டது.

மறுநாள் காலை தம்பி இறங்கி வந்து கத்தினான். அண்ணன் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மெஷினுக்கு ஓய்வு கொடுத்தது ஒரு குற்றமா என்று கேட்டார். அந்த வாரமே ஏணியோடு ஒருவன் வந்து சுவரில் துளை போட்டு மாடிக்குத் தனி நெட் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து பெண்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

அண்ணி கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சின்னவளுக்கு இன்னொரு கம்பெனியில் இன்டர்வியூ, இதுதான் கடைசிச் சுற்று, இன்றைக்குக் காலையிலேயே. போனிலிருந்து நெட் எடுத்துப் பார்த்தார்களாம், படம் நின்று நின்று வருகிறதாம்.

"போன் கடைக்காரன் வீட்டுலயே சிக்னல் இல்லையா?" என்றார் அண்ணன்.

"குத்திக் காட்டறதுக்கு இதுவா நேரம்? நம்ம லைன் பின்பக்கமா வருதே, அது அறுபடல. கீழ வந்து உக்காரச் சொல்லவா?"

அவர்களாக வந்து கேட்கட்டும் என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஹாலை ஒட்டிய அறையில் மேஜைமேல் கிடந்த கேஸ் அளக்கும் கேஜ், காப்பர் டியூப், பழைய ரிமோட் எல்லாவற்றையும் வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நாற்காலியைத் துடைத்தார். ஹாலுக்கு வந்து, சுவரோரம் இருந்த மோடத்தின் தலையில் படிந்திருந்த தூசியைத் துண்டின் நுனியால் தட்டினார். அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சற்று நேரத்தில் தம்பி படியிறங்கி வந்தான். கடைச் சாவி அவனிடம் இருந்ததால் அவனுக்கும் அவசரம். ஹாலில் அண்ணன் எதிரிலேயே நிற்க, அவரைத் தாண்டிச் சமையலறையைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணி, கீழ நெட் வருதா?"

"வருதுன்னு சொல்லு" என்றார் அண்ணன், அவரும் சமையலறையைப் பார்த்து.

நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள். நெட்டும் வரும், நாற்காலியும் இருக்கிறது, சின்னவள் தாராளமாக வரலாம், எனக்கு பஸ் போய்விடும், நீங்கள் இரண்டு பேரும் சுவரோடு பேசுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தம்பி வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். போக மனமில்லாதவன்போல இருந்தது. ஏதோ சொல்ல வந்து விழுங்குகிறான் என்பது அண்ணனுக்குப் புரிந்தது. கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பையன், அவன் முகம் தெரியாதா. ஆனால் என்னடா என்று கேட்க வாய் வரவில்லை. இந்தச் சண்டையும் மெஷின் மாதிரிதான், கொஞ்ச நாள் ஆறப்போட்டால் தானாக ஓட ஆரம்பித்துவிடும் என்று அவர் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நெட் கேட்டு வந்திருக்கிறான், நாளைக்குத் தன்னிடமே பேசுவான். அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்கக் கூடாது.

தம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சின்னவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். நல்ல உடையாக உடுத்தி, தலையைப் படிய வாரியிருந்தாள். முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை. இன்றும் பாதியில் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவள் கண்ணில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்குச் சங்கடமாகிவிட்டது, பார்வையை மோடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாஸ்வேர்டு என்ன மாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் சொல்வதற்குள் லேப்டாப் தானாகவே நெட்டைப் பிடித்துக்கொண்டது. மாடிக்காரர்கள் தனி நெட் வாங்கிக்கொண்டு போன பிறகும் அவர் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்தாதம்மா, சிக்னல் கொறையும்" என்றார். இது எந்த அளவுக்கு உண்மை என்று அவருக்கே தெரியாது. ஏ.சி. போட்ட அறைக்குக் கதவைச் சாத்து என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர், இதற்கு எதிராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தான் கிளம்புவதாகவும் வாசல் கதவைச் சாத்திக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு அவர் ஹாலுக்கு வந்தார். ஒரு துணிக்கடையில் ஏ.சி. சர்வீஸ் இருந்தது. டூல் பையைத் தோளில் மாட்டினார். ஒரு காலில் ஷூவும் போட்டாயிற்று. அப்போதுதான் மோடத்தின் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியதைப் பார்த்தார்.

அது நெட்டில் வந்த கோளாறு இல்லை. பிளக் தன் எடை தாங்காமல் சாக்கெட்டிலிருந்து மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.

தினமும் ராத்திரி பிடுங்கி, தினமும் காலையில் செருகி, அந்த சாக்கெட்டின் ஓட்டையை அவரே லொடலொட என்று ஆக்கிவைத்திருந்தார். ஊர் வீட்டு வயரிங்கையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டில் ஒரு சாக்கெட் ஆடிக்கொண்டிருக்கும், தொழிலின் லட்சணம் அப்படி. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று அண்ணி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். காலையில் தூசி தட்டியபோது அவர் கைபட்டு இன்னும் தளர்ந்திருக்க வேண்டும்.

ஒரே எட்டில் போய் பிளக்கைப் பிடித்து அழுத்தினார். விளக்கு நிலைத்தது. உள்ளே சின்னவள் யாருக்கோ ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்துப் பார்த்தார். பிளக் தலையைத் தொங்கப்போட்டது, உடனே பிடித்துக்கொண்டார். பிடுங்கி வேறு சாக்கெட்டில் மாட்டலாம் என்றால் அந்த மோடம் அணைந்து எழுந்து மூச்சு விடுவதற்குள் இன்டர்வியூவே முடிந்துவிடும். டேப் வைத்து ஒட்டலாம் என்றால் டேப் பைக்குள்ளே இருந்தது, பை தோளில் இருந்தது, அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். கூப்பிட்டு உதவி கேட்க வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

வேறு வழியில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். ஒரு காலில் ஷூ, தோளில் பை, ஒரு கை பிளக்கில். பிளக்குப் பிடுங்குவதில் பேர் வாங்கிய மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அழகைத் தம்பி பார்த்திருந்தால் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டிருப்பான். அந்த குரூப்பில்கூட இப்போது யாரும் ஒன்றும் போடுவதில்லை.

அவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஓட்டல் மேனேஜர்களிடமும் ஆஸ்பத்திரி என்ஜினியர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கேட்டால் புரியும். கேட்கக் கூடாது என்றுதான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் காதைத் திருப்பிக்கொள்ள முடியாதே.

சின்னவளின் வேலை, போனில் வரும் செயலிகளில் குறை கண்டுபிடிப்பது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அதை அவள் விளக்கியபோது, குறை கண்டுபிடிக்கச் சம்பளமா, உங்க அக்கா எனக்கு இலவசமாகச் செய்கிறாளே என்று அண்ணன் கேட்டிருக்கிறார். இப்போது அவள் அந்த வேலையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பு ஒரு செயலியைச் சோதித்தாளாம். போனிலிருந்தே ஏ.சி.யைப் போடவும் நிறுத்தவுமான செயலி. பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினால் அதுவும் சளைக்காமல் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தியதாம். மற்றவர்கள் எல்லாரும் வேகமாக வேலை செய்கிறது என்று பாராட்டியபோது, கம்ப்ரஸருக்கு நடுவில் ஓய்வு வேண்டும், இது தவறு என்று இவள்தான் எழுதிக் கொடுத்தாளாம்.

அது எப்படித் தெரியும் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். என் வீட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், சாப்பிடும்போதெல்லாம் அதைத்தான் சொல்லுவார் என்றாள். சொல்லும்போது சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை.

அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தான் பேசும்போதெல்லாம் ஒப்புக்குத் தலையாட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற பெண் என்றுதான் நினைத்திருந்தார். பிளக் சூடேறிக்கொண்டிருந்தது, விரல் மரத்துப்போனது, அதெல்லாம் பொருட்டாகவே தெரியவில்லை. இந்த வேலை இவளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார். கிடைத்துவிட்டால் பழைய கணக்கு தீர்ந்தது. தம்பி தானாக இறங்கி வருவான். ராத்திரி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

உள்ளே அவளிடம் அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும். எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசியபோது குரல் தணிந்திருந்தது.

இல்லை, அதில் ஒரு சிரமமும் இல்லை என்றாள். ஊர் மாறி வரத் தயாராகத்தான் இருக்கிறோம் என்றாள். கணவர் வேலை செய்யும் கடைக்கு அந்த ஊரிலும் கிளை இருக்கிறது, மாற்றல் கேட்டார், கிடைத்துவிட்டது. வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதமே வந்துவிடலாம்.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்குத்தான் ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்று ஒரு கணம் நினைத்தார். புரியாமல் இருப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

அவள் தொடர்ந்து சொன்னாள். ஆமாம், கூட்டுக் குடும்பம்தான். வீட்டுக்குப் பெரியவர் என் கணவரின் அண்ணன். அவரிடம் எல்லாம் பேசிவிட்டோம். அவருக்கு முழுச் சம்மதம்.

மாடியைக் கட்டியபோது ஒவ்வொரு சுவிட்சும் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று தம்பியை நிற்கவைத்து, அவன் கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டவர் அவர். அந்த வீட்டைக் காலிசெய்யத் தான் சம்மதம் கொடுத்த செய்தியை, சுவரோரம் உட்கார்ந்து, மூன்றாம் மனிதனாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஹெல்மெட்டைத் திருப்பிக்கொண்டு அவன் நின்றது எதற்கு என்று இப்போது புரிந்தது. ஆறப்போட்டால் சரியாகிவிடும் என்று இவர் காத்திருந்த நாளெல்லாம் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விரல்கள் தளர்ந்தன. அவர் பிடுங்கக்கூட வேண்டாம். கையை எடுத்தால் போதும், மிச்சத்தை அந்த லொடலொட சாக்கெட் பார்த்துக்கொள்ளும். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்தான் துணிக்கடைக்குப் போய்விட்டாரே. அவர் நல்லவர்தான், ஆனால் இதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தார். விளக்கைப் பார்த்துக்கொண்டே நினைத்தார்.

பிறகு இடது கையைக் கொண்டுவந்து வலது கைமேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

உள்ளே நன்றி சொல்கிற சத்தம் கேட்டது. லேப்டாப் மூடுகிற சத்தம் கேட்டது. சின்னவள் முகமெல்லாம் மலர ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தாள், அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, நீங்க போகலையா?"

"பிளக் நிக்கலம்மா."

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். ஒரு சாண் திறந்திருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். மலர்ந்திருந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"ஆரம்பத்துலேர்ந்து இங்கயேவா இருந்தீங்க?"

அவர் தலையசைத்தார். கையை எடுத்தார், பிளக் தொங்கி விழுந்தது, மோடம் அணைந்தது. கையை உதறிக்கொண்டார். "நல்லாப் பேசினம்மா. கம்ப்ரஸர் விஷயம் ரொம்ப சரியாச் சொன்னே. வேலை உனக்குத்தான்."

"கெடச்ச மாதிரிதான் பேசினாங்க. மாமா... அவரு உங்ககிட்ட இந்த வாரம் சொல்றேன்னு சொல்லிட்டே இருந்தாரு. தினமும் கீழ வருவாரு, திரும்பி வந்துடுவாரு. அவங்க திடீர்னு வீட்டைப் பத்திக் கேக்கவும் எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

போய்த் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவள் போகவில்லை. அழுதுவிடுவாள்போல இருந்தது. அவளைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை. உண்மையில் கோபமும் வரவில்லை. இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தவர் அவர். அவரிடம் கேட்காமல் போனது யார் தப்பு என்று யோசித்தால் விரல் தன் பக்கமும் திரும்பியது.

அவருடைய டேப் ஒட்டிய போன் சட்டைப் பைக்குள் அடித்தது. எடுத்துப் பார்த்தார். 'தம்பி' என்று வந்தது. சண்டை வந்த புதிதில் கோபத்தில் அந்தப் பெயரை எடுத்துவிட நினைத்தார். எப்படி எடுப்பது என்று தம்பியைத்தான் கேட்க வேண்டும், அதனால் அப்படியே இருந்தது.

காதில் வைத்தார்.

"அண்ணே" என்றான் தம்பி. அந்தக் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. "அவ போனை எடுக்கல. இன்டர்வியூ முடிஞ்சுதா? நெட் நின்னுதா?"

"நின்னுது. கையால புடிச்சிட்டு இருந்தேன்."

"நீயா? நீ கெளம்பிப் போகலையா?"

"போகல. நல்லாத்தான் பேசினா. கடைசியில ஊர் மாறி வரச் சம்மதமான்னு கேட்டாங்க. வீட்டுப் பெரியவர் முழுச் சம்மதம் கொடுத்துட்டாராம்."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு வாடிக்கையாளர் எந்த போனில் கேமரா நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இங்கே சின்னவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நான் வந்து..."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் அண்ணன். சுவரில் சாய்ந்துகொண்டார். "சம்மதமா இல்லையான்னு எங்கிட்ட நீ கேளு. நீ வாயத் தொறந்து கேட்டா, நானும் வாயத் தொறந்து சொல்றேன்."

தம்பி கேட்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. ஆனால் அவன் போனை வைக்கவும் இல்லை. அண்ணனும் வைக்கவில்லை.